இடது கை

“வலிச்சா இடது கையைத் தூக்குங்க, அத்தை.”

“மாமியாரைப் பழிவாங்க இதைவிட நல்ல சான்ஸ் வராது லா. ஆரம்பி.”

கிளாரிசா சிரிக்கவில்லை. பல் மருத்துவப் படிப்பின் கடைசித் தேர்வு அது. மாமியார் மிரண்டாவின் கடைவாய்ப் பல்லைச் செதுக்கி கிரவுன் உறை மாட்ட வேண்டும். தேர்வாளர் கடிகாரத்தோடு பின்னால் நின்றார்.

“ஊசி பிடிச்சிருச்சா?”

“கல்லு மாதிரி மரத்துப்போச்சு.”

கொசு கடித்தாலே தெம்பனிஸ் அடுக்குமாடி புளோக் முழுக்கக் கேட்கும்படி அலறுகிறவர், இடது கையில் ஜெபமாலையோடு அசையாமல் கிடந்தார். கை உயரவே இல்லை. கிளாரிசா தேறினாள்.

பிறகு தேக்கா டீக்கடையில் மிரண்டா கொதிக்கும் டீயை வாயருகே கொண்டுபோனார்.

“குடிக்காதீங்க அத்தை. மரத்த வாய்ல சூடு தெரியாது. வெந்துரும்.”

“ஏன் தெரியாது? உதடெல்லாம் பொசுங்குதே...” சொல்லிவிட்டு மிரண்டா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கிளாரிசா அவருடைய இடது கையைப் பிரித்தாள். உள்ளங்கையில் ஜெபமாலையின் சிலுவை சிவப்பாகப் பதிந்திருந்தது.

“ஊசி பிடிக்கவே இல்லையா? சொல்லியிருந்தா இன்னொண்ணு போட்டிருப்பேனே.”

“அதுக்குள்ள உன் நேரம் முடிஞ்சிருக்கும்.”

கிளாரிசாவின் கண்ணீர் அந்தச் சிவப்புத் தடத்தின் மேல் சொட்டியது.

“அழுதது போதும். டீயை ஊதிக் குடு.”