பொருத்தம் கேட்க வந்தவன்

நுஸ்ரா வேலியோரம் குந்தியிருந்து செல்வன் மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். கத்தி கையில் நிற்கவில்லை.

வேலிக்கு அப்பால் ஸகியா மாமி ஊர் கேட்க ஏசிக்கொண்டிருந்தாள்.

"என்ட புள்ளயக் காட்டிக்குடுத்த நாக்குப் புழுக்கட்டும்! அந்த நாக்கால தண்ணி இறங்கப்படாது!"

முந்தாநாள் பொலிஸ் ஜீப் வந்து மாமியின் மகன் பஹ்மியை ஏற்றிப் போனதிலிருந்து இதே ஏச்சுத்தான். ஒவ்வொரு தடவையும் நுஸ்ரா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். புழு ஏற்கெனவே உள்ளே நெளிவது போல இருந்தது.

அடுத்த வளவு றுக்ஷானா ராத்தா வேலிக் கடப்பால் தலையை நீட்டினாள்.

"ஆருகா சொல்லியிருப்பாங்க?"

"எனக்கென்ன தெரியும் ராத்தா."

"ஆளத் தெரியட்டும். அந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் ஒருத்தரும் போகமாட்டாங்க, மையத்து எடுக்கவும் போகமாட்டாங்க. நீ ஏன்கா நடுங்கிறாய்?"

"மீன் வழுக்குது ராத்தா."

"மீன் செத்துப் போச்சுதானே, ஏன் பயப்படுறாய்?" என்று சிரித்துவிட்டு றுக்ஷானா போய்விட்டாள்.

போன கிழமை அதே கடப்பில்தான் பஹ்மி நுஸ்ராவுக்கு முன்னால் வந்து நின்றான். பின்னேரம், அசர் தொழுகை முடிந்த நேரம். வாவியில் ஒரு அலை இல்லை, காகம்கூடக் கத்தவில்லை.

"ராத்தா, தெரிஞ்சும் தெரியாமலும் நான் செஞ்ச குத்தம் எல்லாத்தையும் பொருந்திக்கங்க."

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் அப்படி வீடு வீடாக மன்னிப்புக் கேட்டு, பொருத்தம் வாங்கிவிட்டுத்தான் போவார்கள். திரும்பி வருவோமோ தெரியாது என்று.

"என்ன பஹ்மி, பாஸ்போட்டும் இல்லாம மக்காவுக்கா?" என்று நுஸ்ரா சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. "எல்லா வீட்டிலயும் கேட்டு முடிச்சிட்டன்" என்றான்.

"ரோட்டுக்கு அங்கால, ரதீஸ்ட அம்மாட்டயும் கேட்டியா?"

ரதீஸும் அவனும் ஒன்றாகப் பந்தடித்து வளர்ந்தவர்கள். ரதீஸின் அம்மா கேதீஸ்வரி அக்காவின் குசினியில் அவன் தின்ற சோற்றுக்குக் கணக்கில்லை.

"அவங்களிட்டக் கேக்கத் தேவயில்ல."

வாய் பஹ்மியுடையது. குரல் அவனுடையது இல்லை. கொஞ்ச நாளாக அவனுடைய பூட்டின அறைக்குள்ளிருந்து, போனில், பகல் முழுக்க ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்த ஆளின் குரல். முகம் தெரியாத ஆள். கோபமே இல்லாமல், கதை சொல்லிப் பிள்ளையை நித்திரையாக்குவது போலக் கதைக்கிற ஆள்.

பஹ்மி கிறுகித் திரும்பி ரோட்டைக் கடந்தான். அங்கே வாசலில் நின்ற கேதீஸ்வரி அக்கா, "மனே, சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அந்த இடத்தில் ஆளே இல்லாதது போல அவன் தாண்டிப் போனான்.

தாடிக்கு நுஸ்ரா பயப்படவில்லை; அவளுடைய வாப்பாவும் தாடிதான். அஞ்சு நேரத் தொழுகைக்கும் பயப்படவில்லை. உயிரோடு நிற்கிற மனுசி அவனுடைய கண்ணுக்குத் தெரியவில்லையே, அதுக்குத்தான் பயந்தாள்.

சத்தம் வெளியே கேட்காமல் இருக்க வளவுப் பைப்பைத் திறந்துவிட்டு, பள்ளி மதிலில் பொலிஸ் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் எடுத்தாள்.

இப்போது வேலிக்கு அப்பால் ஏச்சு சட்டென்று நின்றது. நின்றது இன்னும் பயமாக இருந்தது.

நிமிர்ந்தால், ஸகியா மாமி கடப்புக்குள் நிற்கிறாள். வந்து பக்கத்தில் குந்தினாள். சட்டியிலிருந்து ஒரு மீனை எடுத்துச் செவுள் பூவைப் பிடுங்கினாள்.

"பைப்பத் திறந்து வெச்சிட்டு நீ போனோட நிண்டத நான் கண்டன்."

நுஸ்ராவின் கத்தி சட்டிக்குள் விழுந்தது.

"மாமி... அல்லாஹ்வுக்காக... சின்னப் புள்ளக்காரி நான்..."

"மெல்லக் கதை." மாமி குரலைத் தாழ்த்தினாள். "என்னட்டயும் பொருத்தம் கேட்டான். 'குடிச்ச பாலப் பொருந்திக்கங்க உம்மா' எண்டான். 'ஓம்' எண்டு நான் சொல்லியிருந்தா அப்பவே சாகப் போயிருப்பான். நான் சொல்லல்ல. என்ட வாய் வரல்ல."

"அப்ப ஏன் மாமி இப்படி ஏசிறீங்க?"

"ஏசிறதுக்கு ஊருக்கு ஒரு வாய் வேணும். அது என்ட வாயா இருந்தா, எந்த வீட்டுக்கு முன்னால நிப்பாட்டுறதெண்டு எனக்குத் தெரியும். உன்ட கடப்புக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க."

நுஸ்ராவுக்குக் கண் நிறைந்தது. "ஆனா அந்தச் சாபம் பலிச்சா மாமி? நாக்குப் புழுக்கட்டும் எண்டு..."

"நுஸ்ரா!" வீட்டுக்குள்ளிருந்து உம்மா கூப்பிட்டாள். "புள்ள எழும்பிட்டு, ஓடி வா!"

"வாறன் உம்மா!"

எழும்பினவளின் கையை மாமி மீன் கையால் பிடித்தாள். பிடி குளிர்ந்திருந்தது.

"அது உனக்கில்ல மகள். நீ போன் எடுக்க முதலே நான் எடுத்திட்டன். அறைக் கதவத் திறந்துவிட்டு, 'இந்தா கிடக்கான், உசிரோட கொண்டு போங்க' எண்டு சொன்னது இந்த நாக்குத்தான். நான் ஏசிறது என்ட—"

"நுஸ்ரா!"