சார்ந்தவர்கள்

ஆஸ்பத்திரியில் அப்பாவின் மரணத்தைப் பதிந்துவிட்டு உடலோடு வந்தால், முகுந்தனுக்கு வீட்டுக் கதவு திறக்கவில்லை. அம்மா விரல் வைத்தும் திறக்கவில்லை. குடும்பத் தலைவரை நீக்கினால் அவரைச் சார்ந்தவர்களையும் சேர்த்தே நீக்கு என்று அரசுத் தரவுத்தளத்துக்குப் பைத்தான் நிரலில் விதி எழுதிய புண்ணியவான் முகுந்தனேதான்.

தன் கீழ் வேலை பார்க்கும் சுடர்க்கொடியை அழைத்தான்.

"விதியை மாத்த நீங்கதான் லாகின் பண்ணணும் சார். நீங்க பதிவுலயே இல்லையே," என்றாள் அவள். "வேணும்னா அப்பாவைத் திரும்ப உயிரோட ஆக்கிடறேன். எல்லாரும் வந்துடுவீங்க."

ஆக்கினாள். கதவு திறந்தது.

மாலையில் மின்மயானத்தின் கேமரா அப்பாவின் முகத்தைப் பார்த்தது. உயிரோடு இருப்பவரை எரிக்க இயலாது என்று சொல்லி வாசலை மூடிக்கொண்டது.

முகுந்தன் மறுபடி சுடர்க்கொடியை அழைத்தான்.

"எரிச்சு முடிக்கிற வரைக்கும் எங்க எல்லாரையும் அழிச்சிடும்மா. சாம்பலை வாங்கினதும் அப்பாவை உயிரோட ஆக்கிடு."