அவர் வெளியே போன பிறகு

போஸ்ட்மாஸ்டர் தெருமுனை திரும்பும் வரை, அவர் மனைவி ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டை கண்ணிலிருந்து மறைந்ததும் விடுவிடுவென்று போய்ப் பின்கதவின் தாழ்ப்பாளை நீக்கினாள்.

வெளியே காத்திருந்தவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"எதிர் வீட்டம்மா பார்த்தாங்களா?"

"தெரியலைம்மா. துணி காயப்போட்டுட்டு இருந்தாங்க."

"காய்ஞ்ச துணியையே மறுபடி காயப்போடுவா, அவ. சரி, சீக்கிரம் வாங்க. அவர் நடந்துட்டு வர ஒரு மணி நேரம்தான் ஆகும்."

வந்தவர் அந்தத் தெருவுக்கே இணைப்புக் கொடுக்கும் கேபிள்காரர். ஐம்பதைத் தாண்டியவர், அதிர்ந்து பேசாதவர். போன வாரமே இதே வழியாக வந்து, வயரைச் சமையலறைச் சுவரோரமாக இழுத்து, இன்டர்நெட் பெட்டியைப் பரண்மேல் பழைய சூட்கேஸுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டுப் போயிருந்தார். பச்சை விளக்கு மினுக்குவதைப் பார்த்துப் பதறி, அவள் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தாள்.

"மூடினா சூடாயிடும்மா."

"மூடலைன்னா அவர் சூடாயிடுவாரே."

போஸ்ட்மாஸ்டர் ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது. நேரம் தவறாமல் மாலையில் நடக்கப் போவார். தலை படிய வாரி, முகத்துக்குப் பவுடர் போட்டு, தேய்த்த சட்டை மாட்டிக்கொண்டுதான் படியிறங்குவார். வியர்க்க வியர்க்க நடக்கப்போகிறவருக்குப் பவுடர் எதற்கென்று அவள் கேட்டதில்லை. கௌரவம் பார்க்கிற மனுஷன்.

அந்தக் கௌரவத்தில்தான் மகள் மண்ணை அள்ளிப் போட்டாள். இன்டர்நெட்டில் பழகிய ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டு கடல் தாண்டிப் போய்விட்டாள். சேதி வந்த அன்று போஸ்ட்மாஸ்டர் வாயே திறக்கவில்லை. அவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிடுமோ என்று பயந்து, இவள்தான் முந்திக்கொண்டு, "இனிமே அவ பேச்சையே இந்த வீட்ல எடுக்கக் கூடாது" என்று அவருக்கும் சேர்த்துச் சத்தம் போட்டாள். மறுநாளே அவர் வீட்டு இணைப்பைத் துண்டிக்கச் சொல்லிவிட்டார். அவர் மனசு கல்லாகிவிட்டது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

பேத்தி பிறந்ததுகூட யாரோ சொல்லித்தான் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மகள் விட்டுப்போன டேப்லெட்டைப் புடவை அடுக்குக்கு அடியிலிருந்து எடுத்து வந்தாள். கேபிள்காரர் அதை அவள் மடியில் வைத்தார்.

"தொடுங்கம்மா. அடுப்பு இல்லை, சுடாது."

"தப்பா எதையாவது அழுத்தி, நான் பேசறது ஊருக்கெல்லாம் கேட்டுட்டா?"

"ஊருக்கு வேற வேலை இருக்கு. முதல்ல ஒரு பாஸ்வேர்டு சொல்லுங்க. சார் கண்ணுல பட்டாலும் சந்தேகம் வரக்கூடாது."

அவள் யோசிக்கவே இல்லை. "அவர் பேரையே வெச்சுடுங்க. அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் அவர்தான்."

விரலைத் திரை வரை கொண்டுபோனாள், பின்வாங்கினாள். கதவைத் தட்டுகிற மாதிரி தட்டினால் போதும் என்று அவர் சொல்ல, நிஜமாகவே விரல் முட்டியால் தட்டினாள். கேபிள்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நுனிவிரலைக் காட்டினார். நான்காம் தடவை மகளின் படத்துக்குக் கீழே இருந்த வட்டம் பச்சையானது. அழைப்பு போனது.

திரையில் மகள் வந்தாள். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். இடுப்பில் குழந்தை.

கேபிள்காரர் சுவர்ப் பக்கம் திரும்பி, சுருட்டிய வயரையே பிரித்து மறுபடி சுருட்டினார்.

"இளைச்சுட்டே," என்றாள் அம்மா.

"நீயாம்மா கூப்பிட்டே? உனக்குக் கோபம் போயிடுச்சா?"

"எனக்கென்னடி கோபம்? பெத்த வயித்துக்குக் கோபம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? எல்லாம் உங்கப்பாவுக்குத்தான்."

மகள் நெற்றியைச் சுருக்கினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் குழந்தை திரையை எட்டிப் பிடிக்க, பாட்டிக்கு ஒரு குட்டி உள்ளங்கை மட்டும் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு அழுதாள்.

"அப்பாகிட்ட மூச்சு விட்டுடாதே. தெரிஞ்சா இந்தப் பெட்டி தெருவுல கிடக்கும். அதுக்குப் பின்னாலேயே நானும் கிடப்பேன்."

"அம்மா, நான் ஒண்ணு சொல்றேன், கேளு..."

அந்தப் பக்கம் இன்னொரு மணி ஒலித்தது. மகளின் கண் திரையின் மேல் மூலைக்குப் போய் அங்கேயே நின்றது. முகம் வெளிறியது.

"யாரும்மா? மாப்பிள்ளையா? எடுத்துப் பேசு. நான் வெச்சுடறேன். இதை எப்படி வைக்கிறதுன்னுதான் இவர் இன்னும் சொல்லிக் குடுக்கலை."

"வைக்காதே. அவர் இல்லை."

"பின்னே?"

மகள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"அப்பாதாம்மா. தினமும் இந்நேரத்துக்குக் கூப்பிடுவார், உனக்குப் பயந்துகிட்டு."