ஒரு சிரிப்பு பாக்கி
எழுந்துவரும் பிணங்களோடு சிப்பாய்கள் மோதும் அந்தச் சின்ன பட்ஜெட் பேய்ப்படத்தில், வாடகைச் சீருடை போட்ட சிங்காரவேலு மதியம் கல்குவாரியில் செத்தான். செத்து நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட வேண்டும். தோஷம் கழிய சினிமாக்காரர்கள் விடாமல் செய்கிற காரியம் அது. மழை தூறவும் இயக்குநர் அதை மறந்து பேக்கப் சொல்லிவிட்டார். ரத்தச் சாயத்தைக்கூடக் கழுவாமல் அவன் கேமராமேன் துரைக்கண்ணுவிடம் ஓடினான்.

“அண்ணே, ஒரே ஒரு சிரிப்பு. எடுத்துருங்கண்ணே.”

துரைக்கண்ணு சலித்துக்கொண்டே கேமராவை மறுபடி பிரித்துவைத்து, அதில் கண்ணைப் பதித்தார்.

“ம், சிரி.”

கன்னம் வலிக்கச் சிரித்தான். அவர் கண்ணை எடுக்கவில்லை.

“சீக்கிரம் சிரிப்பா, மழை வலுக்குது.”

“சிரிச்சுக்கிட்டுதாண்ணே இருக்கேன்.”