வலது முன்கையில் பச்சை

அடையாளம் தெரியாத உடல்களின் படங்களை வெளியிடும் இணையதளம் அது. பார்வையற்றோரின் கைபேசி வாசித்துச் சொல்வதற்காக ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பு எழுதுவது குணாளனின் வேலை. பதினேழாம் படத்துக்கு "வலது முன்கையில் பச்சை" என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டான். மறுநாள் ஒருத்தி அழைத்தாள்.

"கண்ணு தெரியாதவ பேசுறேன் தம்பி, ஜெபமணி. மகன் காணாமப் போயி ரெண்டு வருசமாச்சு. பதினேழாவது ஆளு கையில என்ன பேரு பச்ச குத்தியிருக்கு? எம்மவன் கையில எம்பேரு இருக்கும்."

குணாளன் படத்தைத் திறந்து பார்த்தான்.

"பச்சை குத்தலம்மா. பச்சைக் கலர் பெயிண்ட் ஒட்டியிருக்கு. நான் எழுதினதுதான் தப்பு."

"பெயிண்டா?"

"ஆமாம்மா."

அவள் அழைப்பைத் துண்டிக்கவில்லை.

"அவன் போனதே பெயிண்ட் வேலைக்குத்தான். அதுக்கு அடியில என்ன இருக்குன்னு பாரு."

குணாளன் படத்தைப் பெரிதாக்கினான்.