கட்டிலுக்கு அடியில மகாராணி

துடைப்பக் கட்டையால தள்ளித் தள்ளி வெளிய இழுத்தா, அது பூனை இல்ல. குல்லா.

கறுப்புக் கம்பளிக் குல்லா. உச்சியில குஞ்சம் வேற!

பாதி உடம்பு கட்டிலுக்கு அடியில, பாதி வெளிய. பூனைக்காரி அப்படியே கிடந்தா. ஊருக்குப் போறவங்க வீட்டு நாய் பூனையைப் பாத்துக்கிறதுதான் அவ பொழப்பு. பேரு அதுனால வந்தது.

மூணு நாளா இந்தக் குல்லாகிட்டதான் பேசிட்டு இருந்திருக்கா.

"வாடி என் தங்கம்"னு கெஞ்சியிருக்கா. பாட்டு பாடியிருக்கா. நேத்து, இந்த மாசத்தோட இதை விட்டுட்டு ஒழுங்கா ஒரு வேலைக்குப் போன்னு அம்மா குடையறதை எல்லாம் கொட்டித் தீர்த்துட்டு, குறுக்கப் பேசாம கேட்டதுக்கு தேங்க்ஸ் வேற சொல்லிட்டுப் போனா.

தொழில்ல ஒரு சட்டம் இருக்கு. ஒளிஞ்சிருக்கிற பூனையை இழுக்கக் கூடாது. டார்ச் அடிக்கக் கூடாது. தட்டை வச்சமா, வெளிய வந்தமான்னு இருக்கணும்.

அவ அப்படித்தான் இருந்தா. கால் மணி நேரம் கழிச்சு எட்டிப் பாத்தா, தட்டு கழுவிக் கவுத்த மாதிரி பளபளன்னு இருக்கும்.

அப்புறம் என்ன, மகாராணி சாப்பிட்டாச்சு!

அந்த வீட்டு நாய் உருண்டை மட்டும் கதவோரமா உக்காந்து வாயை நக்கிட்டு இருப்பான். முகத்துல பால் வடியும். மூணாவது நாள் கழுத்துப் பட்டையை ஒரு ஓட்டை தளர்த்த வேண்டி வந்துச்சு. அப்பவாவது உறைச்சிருக்கணும். நம்ம கைராசின்னு நெனச்சுக்கிட்டா.

கடைசியில உறைக்க வச்சது லிட்டர் பாக்ஸ். மூணு நாளும் போட்ட மண்ணு போட்டபடி கிடக்கு. கூச்ச சுபாவம்னு ஒரு நாள் சமாளிக்கலாம், ரெண்டு நாள் சமாளிக்கலாம். மூணு நாள் ஒண்ணுக்கே போகாத பூனை எந்த உலகத்துல இருக்கு?

வாஷிங் மெஷின்ல பாத்தா. ஃப்ரிட்ஜ் மேல பாத்தா. செருப்பு ஸ்டாண்டைக் கவுத்துப் பாத்தா. தேடத் தேட உருண்டை பின்னாடியே வந்து, அவனும் ரொம்பக் கவலையா தேடினான், திருட்டுப்பய.

பூனை எங்கயுமே இல்ல.

இதைக்கூட எப்படியாவது சொல்லிரலாம். ஆனா இந்த வீட்டுச் சொந்தக்காரங்க பல் டாக்டர் அக்காவுக்கு அவ அனுப்பின மெசேஜ்லாம் இருக்கே!

முதல் நாள், "சாப்பிட்டாச்சுக்கா"ன்னு போட்டா. அது அவளுக்குத் தெரிஞ்ச வரைக்கும் நெசம். "அப்படியா? நல்லாப் பாத்தியா?"ன்னு பதில் வந்துச்சு. என்னடா நம்ப மாட்டேங்கிறாங்களேன்னு, "கால்ல வந்து உரசுச்சுக்கா"ன்னு சும்மா ஒரு பிட்டைச் சேத்துப் போட்டா. ரெண்டாவது நாள் அந்தப் பூனை அவ மடியில ஏறிப் படுத்துருச்சு.

போட்டோ கேட்டாங்க. கட்டிலுக்கு அடியில இருட்டுல ஒண்ணு எடுத்து அனுப்பினா. பத்து நிமிஷம் கழிச்சு பதில்: "அழகா இருக்கா."

வேலை நல்லபடியா முடிஞ்சா கிளினிக் வரவேற்பறையிலயே உன் கார்டை ஒட்டி வைக்கிறேன்னு சொன்ன அக்கா. அந்த ஒரு கார்டைக் காட்டித்தான் அம்மா வாயை அடைக்கணும்னு இருந்தா.

வாசக் கதவுல சாவி திரும்புற சத்தம்.

நாளைக்குத்தானே வரணும்!

அவ எந்திரிக்கப் போய் கட்டில் சட்டத்துல மண்டையை மடார்னு இடிச்சுக்கிட்டு வெளிய வர்றதுக்குள்ள, பல் டாக்டர் அக்கா ரூம் வாசல்ல நிக்கிறாங்க. தோள்ல பெரிய துணிப்பை. வழக்கமா வந்ததும் செருப்பைக்கூடக் கழட்டாம உருண்டையைக் கொஞ்சுவாங்க. இன்னிக்கு அவன் வாலை ஆட்டு ஆட்டுன்னு ஆட்டியும் திரும்பல. அவங்க கண்ணு கட்டிலுக்கு அடியிலயே நிக்குது.

"எங்க, உன் மடியில படுக்கிறவ?"

தூங்குதுக்கான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. அக்கா அவசரப்படல. வாய் தானா திறக்கட்டும்னு பல் டாக்டர்ங்க நிப்பாங்களே, அப்படி நின்னாங்க.

திறந்துருச்சு. "பூனை இல்லக்கா. மூணு நாளா இல்ல போல. உரசுனது, படுத்தது எல்லாம் நானா விட்ட கதைக்கா. இதுதாங்கா இருந்துச்சு."

குல்லாவை ரெண்டு கையாலயும் நீட்டினா. கண்ணுல தண்ணி முட்டிருச்சு.

அக்கா குல்லாவைப் பாத்தாங்க. அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டாங்க பாருங்க, ஜன்னல் திரையே ஆடியிருக்கும். பொத்துனு கட்டில்ல உக்காந்து பையை மெதுவா பக்கத்துல வச்சாங்க.

பாதி திறந்திருந்த ஜிப்புக்குள்ள இருந்து ஒரு கறுப்புத் தலை எட்டிப் பாத்துச்சு.

மகாராணி.

கிளம்புன அன்னிக்கே பைக்குள்ள ஏறிப் படுத்திருக்கு. தங்கச்சி வீட்டுல போய்ப் பையைத் திறந்தா வெளிய குதிச்சுருக்கு. பூனை என்கூடத்தான் இருக்குன்னு சொல்ல அக்கா போனைக் கையில எடுத்தாங்க. எடுத்தா, அவளோட மெசேஜ் முந்திக்கிட்டு நிக்குது: சாப்பிட்டாச்சுக்கா.

அன்னியிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் இல்ல. பூனை இவங்க மடியில. அப்போ வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு, உரசிக்கிட்டு, மடியில ஏறிக்கிட்டு இருக்கிறது யாரு? சொன்னா அவ அலறிருவாளேன்னு சொல்லவும் முடியல. அந்தப் பயத்துலதான் ஒரு நாள் முன்னாடியே ஓடி வந்திருக்காங்க.

மகாராணி இறங்கி நேரா தட்டுக்குப் போச்சு. மோந்து பாத்துச்சு. திரும்பி உருண்டையைப் பாத்துச்சு.

உருண்டை சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்தான்.

அடுத்த வாரம் கிளினிக் சுவத்துல கார்டு ஏறிருச்சு. அதுக்கு அடுத்த மாசம் அக்காகிட்டயிருந்து மெசேஜ்: "நாலு நாள். நாய் ஒண்ணு, பூனை ஒண்ணு. குல்லாவை நான் கையோட எடுத்துட்டுப் போயிடறேன்."