கேட்டுக்கு வெளியே

மூடிய யுரேனியம் சுரங்கத்தின்மேல் மண்ணைக் கொட்டிப் புல் வளர்த்திருந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை எஸ்தர் வந்து, அளவெடுக்க அங்கே நட்டிருக்கும் நாற்பது கற்களின் அருகிலும் கதிர்வீச்சு மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, இடம் சுத்தம் என்று எழுதிக் கொடுப்பாள். ஆறு வருடமாக அவளுக்குக் குடை பிடித்துக் கூடவே நடப்பவர் மேஸ்திரி சவரியப்பன். இந்த முறை பதினேழாம் கல்லைத் தாண்டியதும் ஷூ லேஸ் அவிழ்ந்தது. முடிந்துகொள்ளக் குனிந்தவள் மீட்டரைப் புல்லில் வைத்தாள். அது சடசடவென்று கத்த ஆரம்பித்தது.

"அங்க வைக்காதீங்கம்மா," என்று பதறினார் சவரியப்பன். "கல்லுகிட்ட மட்டும் வையுங்க."

"ஏன்?"

"கல்லைச் சுத்திதான நல்ல மண்ணு போட்டிருக்கு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். எஸ்தர் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல், மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது என்று சொல்லி, வழக்கம்போல வேப்பமரத்தடியில் அவளுக்குப் பாயை விரித்தார். தண்ணீர் பாட்டிலை வைத்தார். பிறகு தன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அவர் உள்ளே உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை. அதை மரியாதை என்றே அவள் நினைத்திருந்தாள்.

"சவரியண்ணே." மீட்டரைப் பாயின் நடுவில் வைத்துவிட்டு, அவள் ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள். "இன்னைக்கு இங்கயே உக்காந்து சாப்பிடுங்க."

அவர் நின்றார். தூக்குவாளியைக் கை மாற்றிக்கொண்டார். பாயின்மேல் மீட்டர் கத்திக்கொண்டே இருந்தது.